ஒரு தெருவை அளந்து புவியிடத் தரவைக் கற்றுக்கொள்வது எப்படி

களத்திலிருந்து வரும் இருப்பிடத் தரவைச் சரிபார்த்துத் தரவுதளத்தில் ஏற்றுவது என் அன்றாட வேலை. புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அதில் அடக்கம். அவர்களில் பலர் மென்பொருளை நன்றாகவே படித்துவிட்டு வருகிறார்கள். எந்த மெனுவில் எது இருக்கிறது, வரைபடத்துக்கு எப்படி நிறம் கொடுப்பது எல்லாம் தெரியும். ஆனால் திரையில் இருக்கிற ஒரு புள்ளியைக் காட்டி, "இது எப்படி இங்கே வந்தது? யார் எடுத்தார்கள், எந்தக் கருவியில், எப்போது, எத்தனை மீட்டர் வரை இதை நம்பலாம்?" என்று கேட்டால் திகைத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், இந்தத் தொழிலில் முதலில் கற்க வேண்டியது இந்தக் கேள்விக்கான பதிலைத்தான். அதனால் மென்பொருளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தரவு பிறக்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள்.

அதற்கு ஒரு தெரு போதும். நடந்து போகக்கூடிய ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்து, அதிலுள்ள தெருவிளக்குக் கம்பங்களை எல்லாம் பதிவு செய்வது என்று முடிவெடுங்கள். மரங்களாக இருந்தாலும் சரிதான். ஆனால் கம்பம் நகராது, அதன் அடிப்பகுதி எங்கே என்பதில் சந்தேகம் வராது, வானிலிருந்து எடுத்த படத்திலும் ஓரளவு தெரியும். முதல் பயிற்சிக்கு அது வசதி. பெரிய ஊரையோ மாவட்டத்தையோ எடுத்துக்கொண்டு தொடங்காதீர்கள். தரவில் பிழை இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரும் தூரத்தில் இடம் இருக்க வேண்டும்.

கிளம்பும் முன் படிவம்

களத்துக்குப் போகும் முன் எதையெல்லாம் எழுதப்போகிறீர்கள் என்று தீர்மானியுங்கள். க்யூஃபீல்ட், மெர்ஜின் மேப்ஸ், ஓடிகே, கோபோ டூல்பாக்ஸ் என்று கைபேசியில் படிவம் வைத்துத் தரவு எடுக்கப் பல செயலிகள் இருக்கின்றன. எதுவானாலும் பரவாயில்லை, படிவம்தான் முக்கியம். ஒவ்வொரு கம்பத்துக்கும் ஓர் அடையாள எண், கம்பத்தின் வகை, விளக்கின் வகை, எரிகிறதா இல்லையா, எடுத்தவர், எடுத்த நாளும் நேரமும், கருவி சொன்ன துல்லியம், ஒரு புகைப்படம். இவ்வளவு போதும்.

இதில் இரண்டு விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். ஒன்று, அடையாள எண்ணுக்குள் எந்த அர்த்தத்தையும் திணிக்காதீர்கள். தெருப் பெயரின் சுருக்கம், வார்டு எண் எல்லாம் சேர்த்து அடையாளம் உருவாக்கினால், வார்டு எல்லை மாறும் நாளில் அந்த அடையாளம் பொய்யாகிவிடும். கம்பத்திலேயே ஓர் எண் எழுதியிருந்தால் அதை வேறொரு நெடுவரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, விளக்கின் வகை போன்றவற்றைக் கையால் எழுத விடாதீர்கள். தேர்வுப் பட்டியல் கொடுங்கள். கையால் எழுதவிட்டால் ஒருவர் எல்ஈடி என்பார், இன்னொருவர் எல்.இ.டி. என்பார், மூன்றாமவர் எல்ஈடி-க்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டிருப்பார். கணினிக்கு இவை மூன்று வகை விளக்குகள். "தெரியவில்லை" என்பதையும் பட்டியலில் ஒரு விடையாகச் சேருங்கள். அது இல்லையென்றால் ஆட்கள் ஊகித்து எதையாவது தேர்ந்தெடுப்பார்கள், அந்த ஊகத்தைப் பிறகு யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

கைபேசி காட்டும் நீலப் புள்ளி

படிவம் தயாரானதும் உடனே கம்பங்களை எடுக்கப் போய்விடாதீர்கள். முதலில் கருவியின் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். வானம் திறந்திருக்கும் ஓர் இடத்தில், தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு குறி போட்டு, கைபேசியை அதன்மேல் வையுங்கள். வினாடிக்கு ஒரு முறை இடத்தைப் பதிவு செய்யும் செயலி ஒன்றை இருபது நிமிடம் ஓட விடுங்கள். அதேபோல் ஓர் உயரமான கட்டிடத்தின் சுவரை ஒட்டியும் எடுங்கள். வீட்டுக்கு வந்து இரண்டையும் திரையில் போட்டுப் பாருங்கள்.

கைபேசி அசையவே இல்லை. ஆனாலும் புள்ளிகள் ஒரே இடத்தில் இருக்காது. திறந்தவெளியில் எடுத்தவை சில மீட்டருக்குள் திரண்டிருக்கும். சுவரோரம் எடுத்தவை தெருவைக் கடந்துபோய் எதிர் வீட்டின்மேலும் உட்கார்ந்திருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். புள்ளிகள் குறியைச் சுற்றிச் சமமாகச் சிதறியிருக்காது. மெதுவாக ஒரு பக்கமாக நகர்ந்து போவது போலத் தெரியும். பிழை ஒவ்வொரு வினாடியும் புதிதாகப் பிறப்பதில்லை, சற்று நேரம் ஒரே பக்கமாக இழுக்கும் என்பதற்கு அதுதான் சாட்சி. ஒரு நிமிடம் நின்று சராசரி எடுத்தால் பிழை போய்விடும் என்று பலர் நம்புவது இதனால்தான் பலிப்பதில்லை. வேறொரு நேரத்தில், வானில் செயற்கைக்கோள்களின் அமைப்பு மாறியபிறகு திரும்ப வந்து எடுத்தால்தான் சராசரிக்குப் பயன் உண்டு. இந்தப் பயிற்சியைச் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் பிற்பாடு தரவைப் பார்க்கும் பார்வையிலேயே வித்தியாசம் தெரிகிறது. தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள்.

ஏன் இப்படி ஆகிறது? ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தான் எங்கே இருக்கிறது, இப்போது நேரம் என்ன என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தச் சிக்னல் வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது கைபேசி. ஒளி ஒரு நானோ வினாடியில் சுமார் 30 சென்டிமீட்டர் போகிறது. கைபேசியின் சாதாரணக் கடிகாரத்தால் அந்த அளவுக்கு நேரம் காட்ட முடியாது. அதனால் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் மூன்றோடு கடிகாரப் பிழையையும் சேர்த்து நான்கு தெரியாத எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்குக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும். இன்றைய கைபேசிகள் க்ளோனாஸ், கலிலியோ, பெய்டோ ஆகிய மற்ற செயற்கைக்கோள் அமைப்புகளையும் சேர்த்துக் கேட்கின்றன. சுவரோரம் என்ன நடக்கிறது என்றால், சிக்னல் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி நீண்ட பாதையில் வருகிறது. தூரம் கூடுதலாகக் கணக்காகிறது. மேலே அயனமண்டலமும் சிக்னலைத் தாமதப்படுத்துகிறது. கட்டிடத்துக்குள் போய்விட்டால் கைபேசி வைஃபையையும் செல்கோபுரங்களையும் வைத்து இடத்தை ஊகிக்கிறது. திரையில் அதுவும் அதே நீலப் புள்ளிதான்.

செயலி "துல்லியம் 5 மீட்டர்" என்று காட்டினால் அதை எப்படிப் படிப்பது? ஆண்ட்ராய்டில் அந்த எண், உண்மையான இடம் அந்த ஆரமுள்ள வட்டத்துக்குள் இருக்க 68 சதவீத வாய்ப்பு என்பதைக் குறிக்கிறது. அதாவது மூன்றில் ஒரு முறை இடம் வட்டத்துக்கு வெளியேதான். அதே கருவி தீர்க்கரேகையைப் பதினைந்து தசம இலக்கங்களோடு எழுதித் தரும். ஐந்தாவது தசம இலக்கம் நிலநடுக்கோட்டில் சுமார் 1.1 மீட்டர், ஏழாவது சுமார் 1.1 சென்டிமீட்டர். அதற்குப் பின்னால் வருபவை கணினி எழுதிய எண்கள். யாரும் அளந்தவை இல்லை. கைபேசித் தரவை ஆறு இலக்கத்தோடு நிறுத்துங்கள். துல்லியத்துக்கென இருக்கும் நெடுவரிசையை மட்டும் ஒருபோதும் நீக்காதீர்கள்.

சென்டிமீட்டர் துல்லியம் வேண்டுமென்றால் ஆர்டிகே. சரியான இடம் தெரிந்த ஓர் இடத்தில் ஒரு ரிசீவர் நிலையாக நிற்கும். நீங்கள் கையில் கொண்டு போகும் இன்னொரு ரிசீவருக்கு அது உடனுக்குடன் திருத்தம் அனுப்பும். இங்கே சிக்னலின் செய்தியை மட்டுமல்லாமல் அலையையே அளக்கிறார்கள். ஜிபிஎஸ் அனுப்பும் அலைகளில் ஒன்றான எல்1-இன் அலைநீளம் சுமார் 19 சென்டிமீட்டர். இடையில் எத்தனை முழு அலைகள் இருக்கின்றன என்பதைக் கருவி உறுதியாகக் கண்டுபிடித்துவிட்டால் திரையில் "ஃபிக்ஸ்" என்று வரும், அப்போது ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் இடம் கிடைக்கும். "ஃப்ளோட்" என்று இருந்தால் இன்னும் உறுதியாகவில்லை. ஆர்டிகே தரவு யாரிடமிருந்து வந்தாலும் இந்த நிலையையும் ஒரு நெடுவரிசையாகக் கேட்டு வாங்குங்கள். "ஆர்டிகேயில் எடுத்தோம்" என்ற வாய்ச்சொல் போதாது.

மேலிருந்து எடுப்பவை

இப்போது உங்கள் தெருவை வானிலிருந்து பாருங்கள். பூமியைப் படமெடுக்கும் அமெரிக்காவின் லேண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோள் 1972-இல் ஏவப்பட்டது. 2008 முதல் அதன் படங்கள் எல்லாருக்கும் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் 2015 முதல் கிடைக்கின்றன. லேண்ட்சாட்டின் ஒரு பிக்சல் தரையில் 30 மீட்டர், சென்டினல்-2-இன் முக்கியமான நான்கு ஒளி அலைப்பட்டைகளில் 10 மீட்டர். கோப்பர்னிகஸ் பிரவுசர் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி உங்கள் தெரு இருக்கும் ஒரு படத்தை இறக்குங்கள். கம்பம் தெரியாது. தெருவே சில பிக்சல் அகலம்கூட வராது. ஆனால் அந்தப் படத்தில் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பும் இருக்கிறது, இதே இடம் சில நாட்களுக்கு ஒரு முறை மீண்டும் பதிவாகிறது. எந்தக் கேள்விக்கு எந்தத் தரவு என்பது இப்படிக் கையில் எடுத்துப் பார்க்கும்போதுதான் மனதில் பதிகிறது.

தரவை நிர்வகிப்பது ஏன் பெரிய வேலை என்று காட்ட நான் வழக்கமாக எடுக்கும் உதாரணம் சென்டினல்-2 படத்திலேயே இருக்கிறது. தாவரத்தின் பசுமையை அளக்கும் என்டிவிஐ மிக எளிய கணக்கு. அண்மை அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டலால் வகுக்க வேண்டும். ஒரு வயலில் சிவப்பு 400, அகச்சிவப்பு 3000 என்று கோப்பில் இருந்தால் என்டிவிஐ 0.76. செழிப்பான பயிர். 2022 ஜனவரி 25-ஆம் தேதி முதல், பதப்படுத்தும் முறையின் 04.00 பதிப்பு வந்தபோது, கோப்பில் எழுதப்படும் ஒவ்வோர் எண்ணோடும் 1000 கூட்டி எழுதத் தொடங்கினார்கள். மிக இருண்ட இடங்களில் வரும் எதிர்ம எண்களை இழக்காமலிருக்க அது தேவைப்பட்டது. இப்போது அதே வயல் கோப்பில் 1400, 4000 என்று இருக்கும். அந்த 1000-ஐக் கழிக்காமல் கணக்குப் போட்டால் என்டிவிஐ 0.48. பயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் வரைகோடு ஒரே வாரத்தில் சரிந்து விழும். வறட்சி என்று அறிக்கை எழுதிவிடலாம். இந்தச் செய்தி கோப்போடு வரும் மெட்டாடேட்டாவில், அதாவது தரவைப் பற்றிய குறிப்பில், தெளிவாக எழுதியிருக்கிறது. அதைத் திறந்து படிக்கிறவருக்கு மட்டும்தான் அது உதவும். நீங்கள் இறக்கிய படத்திலும் அந்தக் கோப்பைத் திறந்து, பதிப்பு எண் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

ட்ரோன் வேறு உலகம். ஒரு பிக்சல் தரையில் எவ்வளவு என்பதை நீங்களே கணக்கிடலாம். சென்சாரில் ஒரு பிக்சலின் அளவைப் பறக்கும் உயரத்தால் பெருக்கி, லென்ஸின் குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும். 2.4 மைக்ரான் பிக்சல், 8.8 மில்லிமீட்டர் லென்ஸ், 100 மீட்டர் உயரம் என்றால் சுமார் 2.7 சென்டிமீட்டர். படங்கள் ஒன்றோடொன்று முன்பின்னாக 75 முதல் 80 சதவீதமும், பக்கவாட்டில் 60 முதல் 70 சதவீதமும் மேற்பொருந்த வேண்டும். அப்போதுதான் ஒரே இடத்தைப் பல கோணங்களில் பார்த்து மென்பொருள் உயரத்தையும் வடிவத்தையும் கட்டும். இந்த வேலையைச் செய்யும் வெப்ஓடிஎம் மென்பொருள் இலவசம், கற்க அது போதும். ட்ரோன் பறக்கவிடப் பெரும்பாலான நாடுகளில் விதிகள் உண்டு. உங்கள் இடத்தில் என்ன அனுமதி வேண்டும் என்று பார்த்துவிட்டே எடுங்கள். ட்ரோன் இல்லாவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, பொதுவில் கிடைக்கும் மாதிரிப் படத்தொகுப்பு ஒன்றை இறக்கி அதே வேலையைச் செய்யலாம்.

இங்கே ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தரையில் குறிகள் வைத்து, அவற்றை ஆர்டிகேயில் அளந்து, படத்தை அவற்றோடு பொருத்துவார்கள். எல்லாக் குறிகளையும் பொருத்துவதற்கே செலவழித்துவிட்டு, "பிழை 2 சென்டிமீட்டர்" என்று அறிக்கை கொடுப்பது பரவலாக நடக்கிறது. மென்பொருள் எந்தப் புள்ளிகளுக்கு ஏற்பப் படத்தை வளைத்ததோ, அதே புள்ளிகளில் பிழை குறைவாகத்தானே இருக்கும்? சில குறிகளைப் பொருத்தலில் சேர்க்காமல் தனியே வைத்துக்கொண்டு, கடைசியில் அவற்றில் எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். அதுதான் உண்மையான பிழை. தரவு வாங்கும் பக்கம் நீங்கள் இருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

லைடார் லேசர் துடிப்பை அனுப்பி அது திரும்பி வரும் நேரத்தை அளக்கிறது. ஒரே துடிப்பில் மர உச்சியிலிருந்து ஒரு பகுதி, கிளைகளிலிருந்து ஒரு பகுதி, இலைகளுக்கு நடுவே புகுந்து தரையைத் தொட்டு ஒரு பகுதி என்று பல திரும்புதல்கள் வரலாம். காட்டுக்கு அடியிலிருக்கும் நிலத்தின் வடிவம் கிடைப்பது இதனால்தான். கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் வகை எண் இருக்கும், 2 என்றால் தரை, 6 என்றால் கட்டிடம். இதற்கு நேர்மாறான உதாரணம், 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாட்களில் ரேடாரால் எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு. இன்றும் எத்தனையோ வெள்ள வரைபடங்களின் அடியில் இருப்பது அதுதான். அந்த ரேடார் அடர்ந்த மரங்களை முழுக்க ஊடுருவவில்லை. ஆகவே காட்டுப் பகுதியில் அது சொல்லும் உயரம் தரையின் உயரம் அல்ல, அதோடு எல்லாமே 2000-ஆம் ஆண்டின் நிலைமை. அதற்குப் பிறகு வெட்டிய குளமும் கொட்டிய மேடும் அதில் இருக்காது.

கடைசியாக, படத்தைப் பார்த்துக் கையால் வரைவது. க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் பின்னணிப் படம் ஒன்றைப் போட்டு உங்கள் தெருவின் வீடுகளை வரையுங்கள். புதுக் கோட்டைப் பக்கத்துக் கோட்டோடு ஒட்டவைக்கும் ஸ்னாப்பிங் வசதியை இயக்கிவிட்டு வரையுங்கள், இல்லையென்றால் பக்கத்துப் பக்கத்து மனைகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளிகள் விழும், கண்ணுக்குத் தெரியாது, பரப்பளவைக் கூட்டும்போது தெரியும். பின்னணிப் படமே சில மீட்டர் தள்ளியிருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். நீங்கள் களத்தில் எடுத்த புள்ளிகளை அதன்மேல் போட்டு ஒப்பிடுங்கள். அப்புறம், எல்லாப் படத்தின்மீதும் வரைந்து வெளியிட உரிமம் கிடையாது. எல்லாரும் சேர்ந்து வரையும் பொது வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்க்க நினைத்தால், அதற்கென அனுமதித்த படங்களை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

எண் ஒன்று, இடம் வேறு

ஓர் இடத்தை எண்களால் குறிக்கும் ஆயத்தொலைவு முறை என்ற பகுதியில்தான் பலர் படிப்பை விட்டுவிடுகிறார்கள். அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. அட்சரேகை, தீர்க்கரேகை என்பவை பூமியை ஒரு குறிப்பிட்ட நீள்கோளமாக எடுத்துக்கொண்டு எழுதப்பட்டவை. எந்தக் கோளம், அது பூமியோடு எப்படிப் பொருத்தப்பட்டது என்பதைச் சொல்வது டேட்டம். ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84. அதன் நிலநடுக்கோட்டு ஆரம் 63,78,137 மீட்டர். பழைய வரைபடங்கள் வேறு டேட்டத்தில் இருக்கும், அதே எண்கள் அங்கே நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளிய வேறோர் இடத்தைக் குறிக்கலாம். ஏன், நிலமே நகர்கிறது. ஆஸ்திரேலியக் கண்டத்தட்டு ஆண்டுக்கு சுமார் 7 சென்டிமீட்டர் வடகிழக்காகப் போகிறது. அதனால் அங்கே 1994-க்கான டேட்டத்தை விட்டு 2020-க்கான டேட்டத்துக்கு மாறினார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 1.8 மீட்டர்.

உருண்டையைத் தட்டையாக்குவது புரொஜெக்ஷன். இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டர் (மென்பொருளில் அதன் குறியீட்டு எண் இபிஎஸ்ஜி 3857) பார்ப்பதற்கு மட்டும் நல்லது. 60 டிகிரி அட்சரேகையில் அதில் நீளம் இரட்டிப்பாகும், பரப்பு நான்கு மடங்காகும். நீளமும் பரப்பும் அளக்க யூடிஎம் போன்ற ஒன்றை எடுங்கள். அது உலகை 6 டிகிரி அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரிக்கிறது. தீர்க்கரேகையோடு 180 கூட்டி 6-ஆல் வகுத்து, முழு எண்ணோடு ஒன்று கூட்டினால் மண்டல எண் கிடைக்கும். பாரிஸ் 2.35 டிகிரி கிழக்கு. 182.35-ஐ 6-ஆல் வகுத்தால் 30.39, ஆகவே மண்டலம் 31.

மென்பொருளில் இதற்கு இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. ஒன்று "இந்த எண்கள் இந்த முறையில் எழுதப்பட்டவை" என்று முத்திரை குத்துவது. அது எண்களைத் தொடாது. இன்னொன்று எண்களையே வேறு முறைக்கு மாற்றிப் புதிதாக எழுதுவது. கோப்பில் முத்திரை இல்லாதபோதோ தவறாக இருக்கும்போதோ முதலாவது, முத்திரை சரியாக இருந்து உங்களுக்கு வேறு முறை வேண்டியிருக்கும்போது இரண்டாவது. இவற்றைக் குழப்பிக்கொண்டு அனுப்பப்பட்ட கோப்புகள் வாரம் தவறாமல் வருகின்றன. உங்கள் தெருக் கோப்பின் நகல் ஒன்றை எடுத்து, வேண்டுமென்றே தவறாக முத்திரை குத்தி, புள்ளிகள் எங்கே போய் விழுகின்றன என்று பாருங்கள். அறிகுறி பழகிவிட்டால் அடுத்த முறை பார்த்ததும் காரணம் தெரியும். புள்ளிகள் எல்லாம் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் 0, 0 இடத்தில் குவிந்தால், காலியான இடங்கள் பூஜ்ஜியமாகிவிட்டன. பாரிஸ் சோமாலியாவுக்குக் கிழக்கே கடலில் விழுந்தால், அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிவிட்டன. ஜியோஜேசன் என்ற கோப்பு வடிவத்தில் தீர்க்கரேகைதான் முதலில் வரும். பேச்சு வழக்கில் நாம் அட்சரேகையை முதலில் சொல்கிறோம், அங்கேதான் சிக்கல்.

உயரத்துக்கும் இதே கதை. ஜிபிஎஸ் தருவது நீள்கோளத்திலிருந்து உயரம். கடல்மட்டத்திலிருந்து உயரம் வேண்டுமென்றால் ஜியாய்டு என்ற ஈர்ப்பு மட்டத்தைக் கொண்டு திருத்த வேண்டும். இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் அந்த மட்டம் நீள்கோளத்துக்குச் சுமார் 106 மீட்டர் கீழே இருக்கிறது. அங்கே படகில் நின்று பார்த்தால் திருத்தாத உயரம் மைனஸ் நூறு மீட்டரைத் தாண்டிக் காட்டும். நாட்டுக்கு நாடு கடல்மட்டத்தின் தொடக்கப் புள்ளியும் வேறு. ரைன் நதிமேல் ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் லாஃபன்பர்க்கில் பாலம் கட்டியபோது, இரு நாட்டு மட்டங்களுக்கும் 27 சென்டிமீட்டர் வித்தியாசம் என்று தெரிந்தேதான் இருந்தது. ஆனால் திருத்தத்தை எதிர்த்திசையில் போட்டுவிட்டார்கள். 2003-இல் பார்த்தபோது இரு பக்கமும் 54 சென்டிமீட்டர் விலகி நின்றன.

சேமிப்பும் சரிபார்ப்பும்

சரி, தரவு கைக்கு வந்துவிட்டது. மூன்று கோப்புறைகள் போடுங்கள்: மூலம், வேலை, வெளியீடு. மூலத்தில் இருப்பதை யாரும் திறந்து திருத்தக்கூடாது, படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். கோப்புப் பெயரில் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் தானாகவே கால வரிசையில் நிற்கும். "இறுதி", "புதிய இறுதி" என்றெல்லாம் பெயர் வேண்டாம்.

கோப்பு வடிவத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஷேப்ஃபைல் என்ற பழைய வடிவத்தைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள், எங்கும் அது வரும். ஆனால் புதிதாக எதையும் அதில் உருவாக்காதீர்கள். ஒரு லேயருக்குப் பல துணைக் கோப்புகள், ஒன்று தொலைந்தால் சிக்கல். நெடுவரிசைப் பெயருக்கு 10 பைட்டுதான் இடம். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு வேண்டும், அதனால் மூன்று குறியீடுகளுக்கு மேல் அடங்காது. உள்ளே எழுதும் சொற்களுக்கு 254 பைட்டு எல்லை, தமிழில் 84 குறியீடுகள். எழுத்துக் குறியாக்க முறையைச் சொல்லும் சிபிஜி கோப்பை அனுப்ப மறந்துவிட்டால் தெருப் பெயர்கள் எல்லாம் கிறுக்கலாகத் தெரியும். தமிழில் தரவு வைத்திருக்க நினைக்கும் யாருக்கும் இது பெரிய இழப்பு. ஜியோபேக்கேஜ் என்ற வடிவத்தில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஒரே கோப்பு, உள்ளே ஓர் எஸ்க்யூலைட் தரவுதளம், பல லேயர்கள், தமிழிலேயே பெயர்கள். ராஸ்டருக்கு, அதாவது பிக்சல்களாலான படங்களுக்கு, ஜியோடிஃப்.

பலர் ஒரே நேரத்தில் திருத்தும் நிலை வந்தால் போஸ்ட்ஜிஐஎஸ் கற்றுக்கொள்ளுங்கள். 2001 முதல் இருக்கும் திறந்த மூல மென்பொருள் இது. போஸ்ட்கிரெஸ் தரவுதளத்துக்கு இடத்தைப் புரியவைக்கிறது. முதலில் செய்ய வேண்டிய பயிற்சி, பெரிய புள்ளிக் கோப்பு ஒன்றை ஏற்றி, எந்தப் புள்ளி எந்த எல்லைக்குள் வருகிறது என்று கேட்பது. இட அட்டவணை (ஸ்பேஷியல் இண்டெக்ஸ்) போடும் முன் ஒரு முறை, போட்ட பின் ஒரு முறை. அட்டவணை ஒவ்வோர் உருவத்தையும் சுற்றி ஒரு செவ்வகம் வைத்துக்கொண்டு, செவ்வகங்கள் தொடாதவற்றை முதலிலேயே ஒதுக்கிவிடும். எடுக்கும் நேரத்தில் தெரியும் வித்தியாசமே பாடம்.

எதையும் அழித்து எழுதாதீர்கள். கம்பத்தின் விளக்கு மாறினால் பழைய வரியில் "எதுவரை செல்லும்" என்ற தேதியைப் போட்டுவிட்டு, அதே அடையாள எண்ணில் புது வரி சேருங்கள். போன ஆண்டு இதே நாளில் தெரு எப்படி இருந்தது என்று ஒருநாள் யாராவது கேட்பார்கள்.

நான் ஒரு கோப்பை வாங்கியதும் பார்ப்பது இந்த வரிசையில். ஆயத்தொலைவு முறை எழுதியிருக்கிறதா? எல்லாப் புள்ளிகளும் இருக்க வேண்டிய எல்லைக்குள் விழுகின்றனவா? அடையாள எண் இரண்டு முறை வருகிறதா? ஒரே இடத்தில் இரண்டு புள்ளிகள் உட்கார்ந்திருக்கின்றனவா? பரப்புருவம் எதுவும் தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறதா? ஒவ்வொரு நெடுவரிசையிலும் எத்தனை விதமான மதிப்புகள்? துல்லியத்தை வரிசைப்படுத்தினால் மோசமானவை யார் எடுத்தவை, எந்த நேரத்தில்? இவையெல்லாம் முடிந்தபின் சில புள்ளிகளைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இதை எந்த மென்பொருளும் உங்களுக்காகச் செய்யாது.

மனிதர்களின் இருப்பிடம் இருக்கும் தரவில் கூடுதல் கவனம் வேண்டும். பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். ஒருவர் இரவில் இருக்கும் புள்ளியும் பகலில் இருக்கும் புள்ளியும் சேர்ந்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். வெளியிடும் பிரதியில் தசம இலக்கத்தை மூன்றாகக் குறைத்தால் சுமார் 110 மீட்டருக்கு மங்கும். வீடுகள் நெருக்கமில்லாத இடத்தில் அதுவும் போதாது, பகுதிவாரியாகக் கூட்டித்தான் கொடுக்க வேண்டும்.

மெட்டாடேட்டாவுக்கு ஐஎஸ்ஓ 19115 என்ற தரம் இருக்கிறது. தொடக்கத்தில் அதைத் தேடிப் போக வேண்டாம். ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: என்ன, எங்கே, எப்போது, யார், எந்தக் கருவி, ஆயத்தொலைவு முறை, துல்லியம், எதை விட்டுவிட்டோம், ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பொருள், யார் பயன்படுத்தலாம். பிறகு கோப்பையும் அந்தப் பக்கத்தையும், உங்கள் தெருவுக்கு வராத ஒரு நண்பரிடம் கொடுத்து, 17-ஆம் எண் கம்பத்தைக் கண்டுபிடித்து அது எரிகிறதா என்று பார்த்துவரச் சொல்லுங்கள். கூடப் போகாதீர்கள். அவர் கைபேசியில் அழைத்துக் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் குறித்துக்கொண்டு, அதற்கான பதிலை அந்தப் பக்கத்தில் சேருங்கள். கேள்விகள் நின்றபின் பக்கத்தில் பதிப்பு எண்ணையும் அடுத்த சரிபார்ப்புத் தேதியையும் எழுதி, இரண்டையும் ஒரே கோப்புறையில் வெளியீட்டுக்கு நகர்த்துங்கள். அடுத்த தெருவுக்கு அதே படிவத்தை எடுத்துப்போகலாம்.